மாதாமாதம் ரீடிங் எடுத்தால் கரன்ட் பில் குறையுமா?

மாதாமாதம்:
தேர்தல்னா எல்லாரும் வீடு வீடா வருவாங்க. 2021 தேர்தல் அறிக்கையில மாசம் ஒரு தடவை மின் கணக்கீடுன்னு திமுக எழுதினாங்க. ஜெயிச்சு வருஷக்கணக்கா ஆகியும் ரெண்டு மாசத்துக்கு ஒரு ரீடிங்தான். ரெண்டு மாசத்தையும் ஒண்ணாக் கூட்டுறதாலதான் யூனிட் 500-ஐத் தாண்டி மேல் ஸ்லாப்புல, அதாவது அதிக விலை அடுக்குல, போய் விழுது. மாசா மாசம் எடுத்தா கீழேயே நிக்கும். இதுல தெரியாம நடக்குறது எதுவும் இல்ல, நம்ம பாக்கெட்ல கை விடுற வேலை. இல்லேங்குறவங்க கணக்கோட வாங்க.

கணக்குப்பிள்ளை:
கணக்கோடு வருகிறேன். 2022 செப்டம்பரில் வந்த விலையை எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏறியது உண்மை. ஆனால் அந்த விலையைப் போட்டால் பைசாக்கள் நுழைந்து கணக்கைப் படிக்க விடாது. ஸ்லாப் எல்லைகள் அதேதான்.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை: முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.25 போய்விடும், 101 முதல் 400 வரை எல்லாமே 4.50. 401 முதல் 500 வரை 6, 501 முதல் 600 வரை 8, 800 வரை 9, 1000 வரை 10, அதற்கு மேல் 11.

மாதக் கணக்கு என்றால் எந்த மாதக் கணக்கு? ஸ்லாப்பைப் பாதியாக வெட்டிவிட்டு மாதம் ஒரு ரீடிங்கா, இல்லை இப்போதுள்ள ஸ்லாப்பை முழுசாக ஒவ்வொரு மாதமும் தருவதா? இரண்டாவது என்றால் 250 + 250 பயன்படுத்தும் வீட்டுக்கு 1725 ரூபாய் 900 ஆகிவிடும். அதற்குப் பெயர் ரீடிங் சீர்திருத்தம் இல்லை, பாதி விலைக் குறைப்பு. அப்படியே கேட்பதில் தப்பில்லை, ஆனால் அந்தப் பெயரில் கேளுங்கள்.

முதல் வகை என்றால் உங்களுக்கு நஷ்டம். ஏப்ரலில் 150 யூனிட், மே மாதம் ஏ.சி. ஓடி 350 என்று வையுங்கள். இப்போது இரண்டும் சேர்ந்து 500, பில் 1725. ஸ்லாப்பைப் பாதியாக்கி மாதாமாதம் போட்டால் ஏப்ரலுக்கு 337.50, மே மாதத்துக்கு 1825. மொத்தம் 2162.50. கூடுதலாக 437.50 கட்டுவீர்கள். குறைந்த மாதத்தில் தொடாமல் விட்ட மலிவு ஸ்லாப்பை இப்போது அடுத்த மாதம் எடுத்துக்கொள்கிறது. மாதக் கணக்கில் அது வீணாகப் போகும்.

மாதாமாதம்:
மே மாசத்தை மட்டும் பொறுக்கி எடுத்துட்டு வந்தா அப்படித்தான் வரும். 240 + 270 போட்டுப் பாருங்க.

கணக்குப்பிள்ளை:
போட்டேன். இப்போது 2030, பாதி ஸ்லாப்பில் 1937.50. உங்களுக்கு 92.50 லாபம். ஐந்நூறைக் கொஞ்சமாகத் தாண்டி, இரண்டில் ஒரு மாதமாவது 250-க்குள் நிற்கும் வீட்டுக்கு மட்டும் இது நடக்கும். இரண்டு மாதமும் சமமாக ஓடினால் பத்துப் பைசா வித்தியாசம் வராது.

மாதாமாதம்:
சரி, அதை விடுங்க. ரீடிங் லேட்டா வர்றதுக்கு என்ன சொல்றீங்க? ஒரு நாளைக்கு 8 யூனிட் ஓடுற வீடு. 60 நாள்ல எடுத்தா 480, பில் 1605. ஆள் 65-ஆம் நாள் வந்தா 520, பில் 2110. ஸ்லாப் மட்டும் அதே 500-லயே நிக்குது. அஞ்சு நாள் தாமதம் யார் தப்பு? 505 ரூபா யார் தலையில? 40 யூனிட்டுக்கு 505-ன்னா யூனிட் பன்னிரண்டரைக்கு மேல. ஆயிரம் யூனிட்டைத் தாண்டுறவனுக்கே 11 ரூபாதான்.

ஃபேஸ்நியூட்ரல்:
தாமதப் பிரச்சினை நிஜம். கணக்கீட்டாளர் பணியிடங்கள் காலியாகக் கிடக்க, ஒருவர் இரண்டு பேர் பகுதியைப் பார்த்தால் தேதி தள்ளத்தான் செய்யும். ஆனால் 505 முழுவதும் நஷ்டம் இல்லை சார். அடுத்த ரீடிங் வழக்கமான தேதியில் வந்தால் அது 55 நாள்தான், 440 யூனிட், பில் 1365. இரண்டு பில்லையும் சேர்த்தால் 3475. சரியான தேதியில் எடுத்திருந்தால் 3210. ஆக நஷ்டம் 265. அடுத்ததும் 65 நாள் ஆனால் நஷ்டம் கூடும்.

265-ம் தப்புதான், மறுக்கவில்லை. மருந்து மாத ரீடிங் இல்லை. எத்தனை நாள் ஓடியதோ அத்தனை நாளுக்கு ஸ்லாப்பை நீட்டுவது. 65 நாள் என்றால் 500-க்குப் பதில் 541-இல் எல்லை, இலவசம் 108 யூனிட். மென்பொருளில் ஒரு வரி பெருக்கல். இரண்டு கோடிக்கு மேல் வீட்டு இணைப்பு இருக்கிற ஊரில், இருக்கிற ஆட்களையே வைத்துக்கொண்டு ரீடிங்கை இரட்டிப்பாக்கினால் தேதி இன்னும் மோசமாகத் தள்ளும். 30 நாளில் ஐந்து நாள் தாமதம் என்பது ஆறில் ஒரு பங்கு. 60-இல் அது பன்னிரண்டில் ஒன்றுதான்.

2020 ஊரடங்கில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ரீடிங் எடுக்க முடியாமல் முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நான்கு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்து ஸ்லாப் போட்டு, முன்பு கட்டிய பணத்தைக் கழித்தார்கள். பணத்தைக் கழிக்காதே, யூனிட்டைக் கழி என்று வழக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

மாதாமாதம்:
ஸ்மார்ட் மீட்டர் வெச்சா ஆளே வர வேண்டாமே. அதையும் தள்ளிக்கிட்டே போறாங்க.

ஃபேஸ்நியூட்ரல்:
தி.நகரில் வைத்துப் பார்த்தார்கள். மாநிலம் முழுக்க வைக்கப் போட்ட டெண்டர்களில் ஒன்றில் குறைந்த விலை கேட்டது அதானி குழும நிறுவனம். அதுவும் அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்து செய்தார்கள். மீட்டர் வந்தால் ரீடிங் தேதிச் சண்டை தீரும், ஒப்புக்கொள்கிறேன். அரை மணிக்கொரு தரம் பதிவாகும், நள்ளிரவு 12-க்கு அறுபதாம் நாளை மூடிவிடலாம்.

ஆனால் அது தனியாக வராது. மத்திய அரசு 2023-இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளில், ஸ்மார்ட் மீட்டர் வைத்த வீட்டுக்கு நேர வாரியான விலை என்று இருக்கிறது. உச்ச நேரத்தில் குறைந்தது 10 சதவீதம் கூடுதல், வெயில் அடிக்கும் பகலில் குறைந்தது 20 சதவீதம் குறைவு. வீட்டில் எப்போது கரன்ட் ஓடும்? சாயங்காலம் 6-லிருந்து 10 வரை. பகலில் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவன் அந்தத் தள்ளுபடியை வைத்து என்ன செய்வான்? வாஷிங் மெஷினை மதியம் போட வீட்டில் ஆள் இருப்பவருக்குத்தான் லாபம். மாதாமாதம் ஐயா கேட்கும் மாத பில்லும் அதோடு சேர்ந்து வரும். வாங்கும்போது பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

போர்ஷன்வாசி:
மேல இருக்குற எல்லாத்தையும் படிச்சேன். ஒரு மாசமா ரெண்டு மாசமான்னு அடிச்சுக்கறீங்க. யார் பேர்ல மீட்டர் இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல.

ஒரு வீடு, மூணு போர்ஷன், ஒரே சர்வீஸ் (மின் இணைப்பு). சென்னையில எந்தத் தெருவுல வேணாலும் காட்டலாம். ஒவ்வொரு போர்ஷனும் ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட். மெயின் மீட்டர்ல 600, ஈ.பி.க்குக் கட்டுறது 2750. உள்ள சப் மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 8 ரூபான்னு வசூல், அது 4800. மிச்சம் 2050. தனித்தனி சர்வீஸ் இருந்தா ஒரு போர்ஷனுக்கு எவ்வளவு தெரியுமா? 225. அவன் கட்டுறது 1600.

2016-ல இருந்து எல்லா வீட்டுக்கும் 100 யூனிட் இலவசம்னு சொல்றாங்களே, அது வீட்டுக்கு இல்ல, மீட்டருக்கு. ஒத்த மீட்டர்ல மூணு அடுப்பு எரிஞ்சா மூணு பேருக்கும் சேர்த்து ஒரே நூறு. அந்த நூறையும் வீட்டுக்காரர்தான் சாப்பிடுறார். யூனிட் 8-ன்னா முதல் யூனிட்ல இருந்தே 8.

கணக்குப்பிள்ளை:
இந்த விவாதத்தில் உருப்படியான பதிவு இதுதான். மறுபக்கத்தையும் சேர்க்கிறேன். ஒரு பெரிய வீடு, ஒரே குடும்பம், 1000 யூனிட். ஒரு சர்வீஸ் என்றால் 6550. மாடிக்குத் தனி என்று காட்டி இரண்டு சர்வீஸ் வாங்கி 500, 500 என்று பிரித்தால் 3450. இரண்டு மாதத்துக்கு 3100 மிச்சம். இரண்டு 100 இலவசமும் வரும், இரண்டு 2.25 சலுகையும் வரும். வசதியுள்ளவர் மீட்டரைப் பிரித்துச் சம்பாதிக்கிறார், வாடகைக்காரர் பிரிக்க முடியாமல் இழக்கிறார். எட்டுப் பேர் உள்ள கூட்டுக் குடும்பமும், இரண்டு பேர் உள்ள வீடும் ஒரே ஸ்லாப்பில். மாத பில் வந்தால் இதில் ஒன்றாவது மாறுமா?

மாதாமாதம்:
மாறாது. ஆனா அது வேற பிரச்சினை, இது வேற. 500-501 பள்ளத்தை யார் வெட்டினது? 500-க்கு 1725, ஒரே ஒரு யூனிட் கூடினா 1958. ஒரு யூனிட் 233 ரூபா. அதுக்கு பதில் சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பள்ளம் நியாயமில்லை, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் 2022-க்கு முன்னால் அது இதைவிட ஆழம். அப்போது 500-க்கு 1130, 501-க்கு 1786.60. ஒரு யூனிட்டுக்கு 656.60. விலையை ஏற்றியபோதே பள்ளத்தையும் கொஞ்சம் தூர்த்தார்கள், நிலைக் கட்டணத்தையும் எடுத்தார்கள். முழுசாகத் தூர்க்க, 101–200-க்கான 2.25-ஐ எல்லாருக்கும் கொடுத்தால் போதும். ஐந்நூறைத் தாண்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் 225 ரூபாய், அவ்வளவுதான் செலவு. ஸ்லாப்பை முழுசாக மாதம் ஒருமுறை கொடுப்பதோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

மாதாமாதம்:
சில்லறைன்னா ஏன் கொடுக்கல?

கணக்குப்பிள்ளை:
மேடையில் சொன்னால் கைதட்டு வராது. “மாதாமாதம் கணக்கீடு” என்றால் வரும்.

வீட்டுக்காரர்67:
எல்லாரும் சேர்ந்து வீட்டுக்காரனைத் திருடன் ஆக்கியாச்சு. மோட்டார் ஓடுறது யார் கரன்ட்? மாடிப்படி விளக்கு? குடி வந்தவர் பில் கட்டாமப் போனா ஃப்யூஸைப் பிடுங்குறது யார் சர்வீஸ்ல? பொது உபயோகத்துக்குத் தனி சர்வீஸ் வாங்கினா 1-டி விலை, யூனிட் 8 ரூபான்னு 2022-ல போட்டாங்க. அந்த எட்டைத்தானே நாங்களும் வாங்கறோம்.

போர்ஷன்வாசி:
சார், ஒரு ஹெச்.பி. மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். தினம் ஒரு மணி நேரம் ஓடினாலும் ரெண்டு மாசத்துக்கு 60. மாடிப்படியில 9 வாட் எல்.இ.டி. ராத்திரி பூரா எரிஞ்சா ஆறரை யூனிட். 70-ன்னே வெச்சுக்குங்க, எட்டு ரூபான்னாலும் 560. 2050-ல 560 போனா மீதி எங்க?

ஃபேஸ்நியூட்ரல்:
அந்த எட்டு ரூபாயும் 2023-இல் மாறியது. பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத அடுக்ககம் என்றால் பொது இணைப்புக்கு 5.50 ஆக்கினார்கள்.

தனி சர்வீஸ் கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது: போர்ஷனுக்குத் தனி வாசல், தனிச் சமையலறை, தனி வயரிங் இருக்க வேண்டும். பெரும்பாலும் வயரிங்கில்தான் மாட்டும். பழைய வீடுகளில் மூன்று போர்ஷனுக்கும் நியூட்ரல் (கரன்ட் திரும்பிப் போகும் வயர்) ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கும். அதைப் பிரிக்காமல் தனி மீட்டர் வைத்தால், தனித்தனி ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) போட்ட உடனே ட்ரிப் ஆகும். ஒருத்தர் லோடு இன்னொருத்தர் நியூட்ரலில் திரும்பும். முதலில் எலக்ட்ரீஷியனை வைத்து ஒவ்வொரு போர்ஷன் மெயினையும் இறக்கி, மற்ற இரண்டிலும் எல்லாம் ஓடுகிறதா என்று பாருங்கள்.

விண்ணப்பத்தோடு வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். அவர் தர மறுத்தாலும் வழி இருக்கிறது. சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரம், பொறுப்பேற்பு உறுதிப் பத்திரம், வழக்கமான காப்புத் தொகையைப் போல் இரண்டு மடங்கு. விநியோக விதித் தொகுப்பிலேயே இருக்கிறது. நடைமுறையில் அப்படிப் போகிறவர்கள் குறைவு, காரணம் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று: சப் மீட்டரையே நம்பாதவர்கள் சோதித்துக்கொள்ளலாம். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போட்டு, சிவப்பு விளக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணுங்கள். ஏறக்குறைய 53 வர வேண்டும். பெட்டி சூடேறித் தானாக அணைவதற்குள் எண்ணி முடிக்கவும். 65, 70 என்று போனால் மீட்டரில் கோளாறு, அல்லது உங்கள் மீட்டருக்குப் பின்னால் இன்னொருத்தர் பல்பும் எரிகிறது.

மாதாமாதம்:
நாள் கணக்குல ஸ்லாப்பை நீட்டணும், 2.25-ஐ எல்லாருக்கும் கொடுக்கணும். இது ரெண்டும் சரின்னு ஒத்துக்கறேன். ஆனாலும் மாச பில் வேணும். ரெண்டு மாசச் சம்பளத்துல இருந்து 4000 எடுத்து வெக்குற பழக்கம் யாருக்கும் கிடையாது. மாசம் 2000-னா கட்டிடலாம். தவிர, மே மாசம் எவ்வளவு ஓடுச்சுன்னு ஜூன் கடைசியில தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

கணக்குப்பிள்ளை:
அதற்கு மாத ஸ்லாப் எதற்கு? மாதம் ஒரு முன்பணம் கட்டி, இரண்டு மாத முடிவில் ஸ்லாப் போட்டுக் கழித்துக்கொள்ளலாம். முன்பணம் கட்டும் வசதி இப்போதே இருக்கிறது. எவ்வளவு ஓடியது என்று தெரிய மீட்டரைப் போய்ப் பார்த்தாலே போதும், பூட்டி வைத்திருந்தால் ஒழிய.

போர்ஷன்வாசி:
பூட்டித்தான் வெச்சிருக்காங்க சார், சாவி கீழ் வீட்ல. வீட்டுக்காரர் ஐயா, வயரிங் பிரிக்குற செலவை மூணு போர்ஷனும் பங்கு போட்டுக்கட்டும். ஆளுக்கு 1375 மிச்சமாகுது, ஆறே மாசத்துல 4125 கைல நிக்கும். உங்களுக்குக் கையெழுத்து மட்டும்தான் வேலை. போடுவீங்களா?

வீட்டுக்காரர்67:
முதல்ல மோட்டாரை எந்த மீட்டர்ல மாட்டுறதுன்னு மூணு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்.