மறு: பழைய டீசல் கார்களில் ஆயில் பிரஷர் இழப்பு – கலைச்சொல்

வணக்கம். ஓடும் இஞ்சினில் ஆயில் பிரஷர் திடீரென்று போனால் எச்சரிக்கிற, அல்லது இஞ்சினை நிறுத்துகிற கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> "எண்ணெய் அழுத்த இழப்புத் தடுப்பான்" என்று வைத்துக்கொள்ளலாம். கேட்டவுடன் புரிகிறது.

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. இந்தக் கருவி எதையும் தடுப்பதில்லை. ஆயில் பம்பு படுத்துவிட்டாலோ, வேகத்தடையில் சம்ப் (இஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி) இடித்து ஒழுகினாலோ இதனால் ஆவது ஒன்றுமில்லை. பிரஷர் போய்விட்டது என்று தெரிந்ததும் கத்தும், அல்லது இஞ்சினை நிறுத்தும். அவ்வளவுதான் அதன் வேலை. "தடுப்பான்" என்று பெயர் வைத்தால், மாட்டிக்கொண்டவர் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) இழுத்துப் பார்ப்பதையே விட்டுவிடுவார்.

> அப்படியானால் "உயவுநிறுத்தி"?

இது அதைவிட வம்பு. உயவு என்றால் உராயாமல் வழுக்க வைப்பது, லூப்ரிகேஷன். மழைமானி மழையை அளக்கிறது. அப்படியே உயவுநிறுத்தி உயவை நிறுத்துகிறது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

கருவியைப் பிறகு பார்ப்போம். முதலில் நடக்கிற கோளாறுக்குப் பெயர் வேண்டும். "எண்ணெய் இழப்பு" சரிவராது. சம்பைக் கழற்றி மாட்டும்போது சிலர் கசிவை அடைக்கிற பேஸ்ட்டை அள்ளி அப்பிவிடுவார்கள். அது உள்பக்கம் பிதுங்கிக் காய்ந்து, துணுக்காக உதிர்ந்து, பம்பு ஆயில் உறிஞ்சும் இடத்தில் இருக்கிற ஸ்ட்ரெய்னர் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். டிப்ஸ்டிக் எடுத்தால் ஃபுல். கிராங்க் என்ற சுழல்தண்டைத் தாங்குகிற மெயின் பேரிங்குக்கோ பட்டினி. இன்னொரு பக்கம், ஆல்டர்னேட்டரின் முதுகில் வேக்கம் பம்பு (பிரேக் மிதிப்பதை இலகுவாக்குவது) வைத்த வண்டிகள். அந்தப் பம்புக்கு ஆயில் கொண்டுபோகிற ஹோஸ் பழசாகி வெடித்தால், இஞ்சின் தன் ஆயிலைத் தானே இறைத்து ரோட்டில் கொட்டிவிடும். முதல் வண்டியில் ஆயில் அப்படியே இருக்கிறது, இரண்டாவதில் சொட்டு இல்லை. பேரிங்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

"அழுத்த வீழ்ச்சி" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஃபில்டரின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே எப்போதும் இருக்கிற வித்தியாசத்துக்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அது கோளாறே இல்லை. லூப்ரிகேஷனுக்கு "மசகு" என்ற சொல் வேண்டாம் என்பதற்கு இலங்கை நண்பர் சொன்ன காரணம் போதும்: நாம் கச்சா எண்ணெய் என்பதை அங்கே செய்தித்தாளில் மசகு எண்ணெய் என்றுதான் எழுதுகிறார்கள். "உயவு" என்றால் அந்தக் குழப்பம் இல்லை. உயவுப்பொருள் என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே வந்துவிட்டது.

ஆகவே என் பரிந்துரை: உயவிழப்பு. நீரிழப்பு என்று டாக்டர் சொன்னால் புரிந்துகொள்கிறோமே, அதே அச்சு. ஆயில் கொட்டினாலும், வலை அடைத்தாலும், மிஞ்சிய பிரஷரை வெளியே விடுகிற ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டாலும், பேரிங்குக்கு உயவு போகவில்லை என்பதே பொருள். தேய்ந்த பம்பில் வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைவது வேறு. அதற்கு "அழுத்த இறக்கம்" போதும். பட்டறையிலும் பிரித்துத்தான் பேசுகிறார்கள்: "பிரஷர் இறங்கிட்டு வருதுங்க" என்பது ஒன்று, "பிரஷர் படுத்துருச்சுங்க" என்பது ஒன்று.

இனி கருவி. டேஷ்போர்டில் இருக்கிற ஆயில் லைட்டே போதாதா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான கார்களில் அதன் சுவிட்ச் 0.3 முதல் 0.5 பார் (அழுத்த அலகு) வரை இறங்கினால்தான் விளக்கைப் போடும். நன்றாக இருக்கிற இஞ்சின் சூடான பிறகு, ஓடும்போது பொதுவாக 2 பாருக்கு மேலேயே காட்டும். இடைப்பட்ட தூரம் முழுக்க விளக்கு வாயே திறக்காது. 3000 ஆர்பிஎம்மில் கிராங்க் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. சிவப்பு தெரிந்து, கண் அதைப் பார்த்து, கால் எடுப்பதற்குள் ஷெல் பேரிங் சூடேறிப் பிடித்துவிடலாம். பகல் வெயிலில் அந்த விளக்கு எரிவது கண்ணில் படுவதே சந்தேகம்.

ஏற்காடு மலைப்பாதையில் இன்னொரு கூத்து. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஆயில் மினிமம் கோட்டுக்குக் கீழே இருந்தால், வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்பின் வாய் காற்றை இழுக்கும். விளக்கு சிமிட்டும், நேர் ரோடு வந்ததும் அணைந்துவிடும். டிரைவர் "வயர் லூசு" என்பார். அதில் பாதி உயவிழப்புதான்.

ஆகவே விளக்குக்கு முன்னால் கத்துகிற ஒன்று வேண்டும். இஞ்சின் நன்றாகச் சூடாகி ஐடிலில் நிற்கும்போது எவ்வளவு பிரஷர் காட்டுகிறதோ, அதற்குச் சற்றுக் கீழே சுவிட்சை வைத்து ஒரு பஸ்ஸர். இதற்கு உயவுமணி என்கிறேன். அபாயமணி மாதிரி வாயில் நிற்கும்.

தானாக நிறுத்துவது வேறு சாதி. ஜவ்வரிசி ஆலை ஜெனரேட்டரில் பிரஷர் குறைந்தால் டிரிப் ஆகும். ஆகட்டும், அது நின்ற இடத்தில்தானே நிற்கிறது. பழைய டீசல் காரிலும் டீசல் பம்பின் ஸ்டாப் சாலினாய்டுக்கு (மின்சாரத்தில் திறக்கிற டீசல் வால்வு) போகிற கரண்டை வெட்டினால் டீசல் நின்று இஞ்சின் அணையும். ஆனால் ஏற்றத்தில், வளைவு நடுவில், பின்னால் பஸ் வரும்போது அணைந்தால்? இறக்கத்தில் கியரில் இருந்தால் இன்னும் வேடிக்கை: டீசலை வெட்டினாலும் சக்கரம் கிராங்கைச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆயில் இல்லாமல். கிளட்சை மிதித்தால் இஞ்சின் நிற்கும். கூடவே வேக்கம் பம்பும் நிற்கும். இரண்டு மூன்று மிதிக்குமேல் பிரேக் கல்லாகிவிடும். இதையெல்லாம் தீர்மானிக்க வேண்டியவர் டிரைவர், ரிலே அல்ல. மலையேறுகிற காருக்கு மணி போதும் என்பது என் கட்சி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இந்த வேற்றுமையே காணாமல் போகும். நிறுத்துவதற்கு "உயவிழப்பு நிறுத்தி" என்று நீளமாகவே இருக்கட்டும்.

– கோரிமேடு, சேலம்

---

அண்ணா, வணக்கம். நீங்கள் உயவு என்று எழுதுங்கள். எங்கள் எஸ்டேட் ஜீப் டிரைவர் "ஆயில் மணி" என்றுதான் சொல்வார். அதையும் அடைப்பில் சேர்க்கலாமே?

இன்னொன்று. சாவி போட்டவுடன் பிரஷர் பூஜ்யம். மணி அப்போதும் அடிக்குமே, அதைக் கோளாறு என்று வயரைப் பிடுங்கிவிடுவார்களே?

– ஏற்காடு

---

தம்பி, "ஆயில் மணி" பேச்சு வழக்கு என்று தாராளமாகச் சேர்ப்போம். எனக்கு ஆட்சேபணையே இல்லை.

சாவி போட்டதும் அடிப்பது நல்லது. அடித்தால் மணி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அடிக்காத அன்றைக்குத்தான் கவலைப்பட வேண்டும். ஆயில் லைட்டுக்கும் இதே கணக்கு. நிறுத்திக்குத்தான் இது தொல்லை: ஸ்டார்ட் செய்யும்போது பிரஷர் ஏறும்வரை அதை ஒதுக்கி வைக்கவில்லை என்றால் வண்டி கிளம்பவே கிளம்பாது. அந்த ஒதுக்கலுக்கு "தொடக்க விலக்கு" என்று போடுகிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கலைச்சொல் பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

உயவிழப்பு: ஓடும் இஞ்சினின் பேரிங்குகளுக்கு ஆயில் அழுத்தத்தோடு போய்ச் சேராமல் திடீரென்று அற்றுப்போவது, சம்பில் ஆயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

உயவுமணி: உயவிழப்பு தொடங்கும்போதே, ஆயில் லைட் எரியும் அளவுக்கு முன்னால் ஒலிப்பது. இஞ்சினை நிறுத்தாது. பேச்சு வழக்கு: ஆயில் மணி.

ரிலீஃப் வால்வுக்குத் தனி இழை தொடங்குங்கள், அதையும் இதில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

– கோரிமேடு