மாணவர் செயல்பாடு: ‘கவனிப்பர்’

பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொண்ட அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். நான் கணக்கு ஆசிரியை. வேலையில் சேர்ந்த புதிதில், 40 நிமிட வகுப்பு ஒன்றுக்கு இரவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதுவேன். ஆயத்தப்படுத்துதல், பாடப்பொருள் விளக்கம், தொகுத்தல், மதிப்பீடு என்று எல்லாத் தலைப்பும் இருக்கும். நான் பேசப்போகும் வாக்கியங்களைக்கூட எழுதி வைத்திருப்பேன். அப்படியும், வகுப்பை விட்டு வெளியே வரும்போது பிள்ளைகளுக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை.

ஒருநாள் மூத்த ஆசிரியை ஒருவர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் ‘ஆசிரியர் செயல்பாடு’, வலப்பக்கம் ‘மாணவர் செயல்பாடு’ என்று எழுதியிருந்தேன். அவர் வலப்பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தார். கவனிப்பர். கவனிப்பர். விடையளிப்பர். கவனிப்பர்.

“நாப்பது நிமிஷமும் நீங்கதாம்மா வேலை செய்றீங்க. பிள்ளைங்க என்ன யோசிப்பாங்க, எங்க தப்பு பண்ணுவாங்கன்னு இதுல எங்க இருக்கு?” என்றார்.

அடுத்த பாடம் பின்னக் கூட்டல். வலப்பக்கத்தை முதலில் எழுதுங்கள், அதிலும் கடைசி ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் தாங்களாகவே போட வேண்டிய ஒரு கணக்கிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இதற்குக் கல்வியியலில் பின்னோக்கிய திட்டமிடல் என்று பெயர் இருப்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்று நான் எழுதிய கடைசிக் கணக்கு 1/2 + 1/3. அதன் கீழே, வரக்கூடிய தவறான விடை 2/5 என்று எழுதினேன். மேலே இரண்டையும் கீழே இரண்டையும் கூட்டினால் அதுதான் வரும். அந்த 2/5ஐ என்ன செய்வது என்று யோசித்ததில்தான் முழுப் பாடமும் பிறந்தது.

ஆளுக்கு 12 செ.மீ. நீளத்தில் காகிதப் பட்டை ஒன்று கொடுத்தேன். முதலில் பாதிக்குக் கோடு போடச் சொன்னேன்: 6 செ.மீ. அதை ஒட்டி, முழுப் பட்டையில் மூன்றில் ஒரு பங்கு: இன்னும் 4 செ.மீ. அதற்குமுன் கரும்பலகையில் 2/5 என்று எழுதிய ஒரு பையன், பட்டையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். “டீச்சர், பாதியே ஆறு இருக்கு. அதோட சேர்த்த அப்புறம் எப்படிப் பாதியைவிடக் குறையும்?” என்றான். அந்தக் கேள்வியை நான் கேட்பதாகத்தான் குறிப்பில் எழுதியிருந்தேன். அவனே கேட்டுவிட்டான். பிறகு பட்டையை ஆறு சம பாகமாக மடித்துப் பார்த்தார்கள். ஐந்து பாகம் நிறைந்திருந்தது. 5/6 என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்றுவரை என் பாடக்குறிப்பில் ‘எதிர்பார்க்கும் தவறு’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். இடப்பக்கம் சில நாள் நாலே வரிதான்.

---

நான் அறிவியல் எடுக்கிறேன். உங்கள் ‘கவனிப்பர்’ போல எனக்கு ‘புரிந்துகொள்வர்’. நோக்கம் என்ற இடத்தில் அதைத்தான் எழுதுவேன். புரிந்ததா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது? ‘ஆவியாதலுக்கும் கொதித்தலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தன் சொற்களில் கூறுவர்’ என்று எழுதத் தொடங்கிய பிறகுதான் மதிப்பீட்டுக் கேள்வி தானாக வந்தது.

இன்னொன்று, நேரம். என் குறிப்பில் கேள்விக்கு நேரமே ஒதுக்கியிருக்க மாட்டேன். கேட்ட உடனே நானே பதிலையும் சொல்லிவிடுவேன். ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார். அதைப் படித்த நாளிலிருந்து முக்கியமான கேள்விக்குப் பக்கத்தில் ‘காத்திரு’ என்று சிவப்பு மையில் எழுதிக்கொள்கிறேன். மூன்று விநாடி மௌனம் வகுப்பில் நிற்கும்போது ரொம்ப நீளமாகத் தெரியும். பின்பெஞ்சில் ஒரு கை மெதுவாக உயரும் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நேரம் போதாமல் போனால் எதை விடலாம் என்பதையும் முந்தைய நாளே அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறேன். வகுப்பில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் கடைசிக் கேள்வியும் மதிப்பீடும்தான் பலியாகும்.

---

நான் மொழிப்பாட ஆசிரியர், வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மேலே உள்ள இரண்டையும் படித்துவிட்டு நாளைக்கான நோட்டை எடுத்துப் பார்த்தேன். செய்யுள் பாடம். வலப்பக்கத்தில் ‘செவிமடுப்பர்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். மூன்றையும் அடித்துவிட்டேன். முதல் இடத்தில், பொருள் சொல்வதற்கு முன் பிள்ளைகளே இருவர் இருவராகச் சீர் பிரித்து வாசிக்கட்டும் என்று மாற்றியிருக்கிறேன். எங்கே தடுமாறுவார்கள் என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். மற்ற இரண்டு இடமும் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.