49 நாளுக்கு ஒருமுறை வந்த பழுது

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் கன்ட்ரோலர் போர்டுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். டேனரி கழிவுநீர்த் தொட்டியில் 10 நிமிஷத்துக்கு ஒருதரம் படிகாரக் கரைசல் விடுகிற பம்பு எங்கள் போர்டில்தான் ஓடும். ஒருநாள் விடியற்காலை ஆபரேட்டர் அண்ணன் போன் செய்து, "தம்பி, பம்பு நிக்கவே மாட்டேங்குது, டிரம்மு காலியாகப் போவுது" என்றார். நான் பைக்கில் போய்ச் சேர்வதற்குள் அதுவே அடங்கிவிட்டது. போர்டைக் கழற்றிவந்து மூன்று நாள் மேசையில் ஓட்டியும் ஒன்றும் சிக்கவில்லை.

அப்புறம்தான் சிபிஎம்சி பக்கம் போனேன். சி புரோகிராமைக் கணிதச் சூத்திரமாக்கி, நாம் எழுதிய நிபந்தனை எந்த மதிப்பிலாவது உடைகிறதா என்று தேடும் கருவி. முழு புரோகிராமையும் கொடுத்தால் முடிவில்லாத லூப்பில் மாட்டிக்கொள்கிறது, அதனால் நேரம் பார்க்கும் ஃபங்ஷனை மட்டும் தனியே எடுத்து, நேரம் எதுவாகவும் இருக்கலாம் என்று விட்டு, '10 நிமிஷம் ஆகாமல் பம்பு ஓடக்கூடாது' என்று ஒரு அசர்ஷன், அதாவது மீறவே கூடாத நிபந்தனை, போட்டேன். சில நொடியில் உடைத்துக் காட்டியது, எண்ணோடு!

போர்டில் நேரத்தை எண்ணும் 32 பிட் மில்லிசெகண்ட் கவுன்ட்டர் சுமார் 429 கோடி வரை எண்ணி மறுபடி பூஜ்யத்துக்கு வரும், அதற்கு 49.7 நாள் ஆகும். 'கடைசி நேரம் + 6 லட்சம்' (10 நிமிஷத்துக்கு 6 லட்சம் மில்லிசெகண்ட்) என்று நான் கூட்டிய தொகை மட்டும் முன்னாடியே சுற்றிவந்து சின்ன எண்ணாகிவிட, இப்போதைய நேரம் அதைவிடப் பெரிதாகவே தெரிய, கவுன்ட்டரும் சுற்றும் வரை பம்பு விடாமல் ஓடியிருக்கிறது. இத்தனை வருஷம் வெளியே தெரியாததற்குக் காரணம் கரன்ட் கட்தான், ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கிவிடும், 49 நாள் தொடர்ந்து ஓட விட்டதே இல்லை. அந்த டேனரியில் அப்போதுதான் பேனலுக்கு யுபிஎஸ் வைத்திருந்தார்கள். போயிங் 787 ஜெனரேட்டர் கன்ட்ரோலிலும் இதே ஜாதிப் பிழை, 248 நாள் கணக்கு, 2015-இல் வெளிவந்தது.

ஒரு விஷயம், இந்தக் கவுன்ட்டர் மாதிரி குறியில்லாத (மைனஸ் வராத) எண் சுற்றுவது சி மொழியில் பிழையே இல்லை. அசர்ஷன் எழுதாமல் விட்டிருந்தால் கருவி வாயே திறந்திருக்காது. எதைக் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்ததற்கே இரண்டு நாள் போனது, அந்த இரண்டு நாள்தான் உண்மையான வேலை என்பேன்.

கூட்டலை எடுத்துவிட்டு, 'இப்போது - கடைசி' என்று கழித்துப் பார்க்கும்படி ஒரே வரி மாற்றினேன், நிரூபணம் தேறியது. மற்ற டைமர்களையும் அப்படியே ஓட்டினால் இன்னும் இரண்டு இடத்தில் அதே கூட்டல். அடுத்த வாரம் முழுக்க மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போர்டு போர்டாக மாற்றிவிட்டு வந்தேன்.