நாகலூரில் அம்மாவிடம் பட்டன் போன், நான் துபாயில்: குறைந்த செலவில் பேச என்ன வழி?

நாகலூரான்:
கம்பெனி பயிற்சிக்காக அடுத்த மாதம் துபாய் போகிறேன். அது முடிந்ததும் சிங்கப்பூரில் அக்கா வீட்டில் சில நாள் தங்கிவிட்டு ஊர் திரும்புவேன். ஏற்காடு நாகலூரில் அம்மா தனியாக இருக்கிறார். அவரிடம் இருப்பது பட்டன் போன். காபி காயப்போடும் களத்து ஓரத்தில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் பேச மட்டும்தான். நெட்டை நம்ப முடியாது. 'ரோமிங் பேக் போட்டுக்கிட்டு நிம்மதியா போ' என்கிறார் மச்சான், அதாவது இந்திய சிம்மையே வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பேக். 'தண்டச் செலவு, அங்கே லோக்கல் சிம் வாங்கு' என்கிறார்கள் ஆபீசில். தினமும் கொஞ்ச நேரம் அம்மாவிடம் பேசினால் போதும் எனக்கு. எது சரி?

அஞ்சு ரோடு:
ஆபீசில் சொன்னதுதான் சரி தம்பி. ரோமிங் பேக் விலை நாட்டையும் நாளையும் பொறுத்து ஆயிரக்கணக்கில் கூடப் போகும். பேக் தீர்ந்தது தெரியாமல் பேசினால் அதற்கு மேல் நிமிடக் கணக்கு. கிளம்பும் முன்பே இ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றிக்கொள்ளும் சிம்) வாங்கிக்கொள், இறங்கியதும் டேட்டா ஓடும். வாட்ஸ்அப்பில் குரல் அழைப்புக்குச் சுமாராக நிமிடத்துக்கு அரை எம்பிதான் ஆகும். வீடியோ என்றால் அதைப்போல் பத்து மடங்கு வைத்துக்கொள். 1 ஜிபி இருந்தால் நீயும் அம்மாவும் பேசிப் பேசியே அலுத்துவிடுவீர்கள். செட்டிங்கில் அழைப்புக்குக் குறைந்த டேட்டா எடுக்கும் வசதி இருக்கிறது, அதையும் போட்டுவிடு. இந்தக் காலத்திலும் ரோமிங் பேக்குக்குக் காசு கட்டுகிறவர்களை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

மலைப்பாதை20:
அண்ணா, கேள்வியை முழுக்கப் படித்துவிட்டுச் சிரித்திருக்கலாம். பட்டன் போன், நெட் இல்லை என்று அவர் தெளிவாகத்தானே எழுதியிருக்கிறார்? வாட்ஸ்அப்பை எங்கே போய்ப் போடுவது? இன்னொன்று, துபாயில் வாட்ஸ்அப் அழைப்பே போகாது. எழுதி அனுப்பலாம், வாய்ஸ் நோட் அனுப்பலாம், அழைப்புக்கு மட்டும் தடை. அனுமதி பெற்ற பாட்டிம் மாதிரி ஆப்களில் பேசலாம். கூகுள் மீட், ஜூம் ஓடும். ஆனால் எல்லாமே இரண்டு பக்கமும் நெட் இருந்தால்தான். நீங்கள் சொல்லும் சுற்றுலா இ-சிம் பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டும். அதில் போன் நம்பரே வராது, சாதாரண போனுக்கு அதிலிருந்து அடிக்கவும் முடியாது.

எல்லாரும் போகிறவர் பக்கச் செலவையே பார்க்கிறீர்கள். நாகலூர்க் களத்தில் எந்த போன் இருக்கிறது என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாமே.

அஞ்சு ரோடு:
அப்படியென்றால் அந்த போனை மாற்று. ரோமிங் பேக்குக்குக் கட்டும் காசோடு கொஞ்சம் சேர்த்தால் அம்மாவுக்கு ஸ்மார்ட்போனே வந்துவிடும். சிக்னல் சரியில்லை என்றால் வேறு கம்பெனி சிம் போட்டுப் பார். தடைக்கு விபிஎன் இருக்கிறது, எந்த ஊரிலிருந்து நெட் ஓட்டுகிறோம் என்பதை மறைக்கிற ஆப், அங்கே எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். முகத்தைப் பார்த்துப் பேசுவதும் குரலை மட்டும் கேட்பதும் ஒன்றாகுமா?

கன்னங்குறிச்சி அக்கா:
விபிஎன் யோசனையை மட்டும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். கம்பெனி வேலைக்கு வைத்திருப்பது வேறு. முகவரியை மறைத்துக்கொண்டு சட்டத்துக்கு விரோதமானதைச் செய்தால் அங்கே 2021-ல் வந்த இணையக் குற்றச் சட்டத்தில் அபராதமே 5 லட்சம் திர்ஹாமில் தொடங்கி 20 லட்சம் வரை போகிறது, சிறையும் உண்டு. 'யாரைப் பிடித்தார்கள்?' என்று கேட்பீர்கள். பயிற்சிக்குப் போகிற பையன் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமா?

ஸ்மார்ட்போன் வாங்கித் தரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மகன் பக்கத்தில் இருக்கும்போது வாங்கித் தந்து பழக்க வேண்டும். போலீஸ் உடுப்பில் வீடியோவில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பணம் பிடுங்குகிற காலம் இது. கையில் புது போனைத் திணித்துவிட்டு மகன் விமானம் ஏறினால் அந்தம்மா யாரிடம் போய்க் கேட்பார்?

அஞ்சு ரோடு:
இப்படியே பயமுறுத்தி ஊரில் இருக்கிற அம்மாக்கள் எல்லாரையும் பட்டன் போனிலேயே வைத்திருங்கள். என் அம்மாயி தாரமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு ஆஸ்திரேலியாவில் இருக்கும் பேத்தியை வீடியோவில் சடை பின்னச் சொல்லித் திட்டுகிறது. பழக்கினால் எல்லாம் வரும்.

தட்டுவடை செட்:
ஸ்கைப்பில் காசு போட்டுச் சாதாரண போனுக்கு அடிக்கலாமே? ரொம்ப மலிவு.

மலைப்பாதை20:
ஸ்கைப்பை 2025 மே 5-ஆம் தேதியே மூடிவிட்டார்கள். நெட்டிலிருந்து சாதாரண போனுக்கு அடிக்க வேறு ஆப்கள் இருக்கின்றன, சிங்கப்பூரில் அவை உதவும். சிக்கல் என்னவென்றால், அம்மா போனில் நம் நம்பர்தான் தெரியும் என்று சொல்ல முடியாது. யாரோ ஒரு நம்பர் வந்தால் எடுப்பாரா? எடுக்கக் கூடாது என்று நாம்தானே சொல்லி வைத்திருக்கிறோம்.

ரோமிங்கில் பேசினால் பெரும்பாலும் மகன் நம்பரே அங்கே வரும். இன்னொரு லாபம், ரோமிங்கில் டேட்டா இந்தியக் கம்பெனி வழியாகச் சுற்றித்தான் வரும். அதனால் உள்ளூர் சிம்மில் போகாத வாட்ஸ்அப் அழைப்பு இந்திய சிம் ரோமிங்கில் பல சமயம் போய்விடுகிறது. ஊரில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் பேச அது உதவும். தண்டம் தண்டம் என்று ஒரேயடியாகத் தள்ள வேண்டாம்.

பழைய பூத்:
சேலம் ஜங்ஷன் பக்கம் எஸ்டிடி பூத், அதாவது வெளியூருக்குப் பேசும் போன் கடை, நடத்தியவன் நான். இரவு 11 மணிக்கு மேல் எஸ்டிடி கால்வாசிக் கட்டணம் என்பதால் அந்த நேரத்துக்குத்தான் கூட்டமே வரும். வெளிநாட்டு அழைப்பு 2002 மார்ச் வரை விஎஸ்என்எல் என்ற ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. ஏப்ரலில் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டார்கள், நெட் வழிப் பேச்சுக்கும் அப்போதே அனுமதி கிடைத்தது. விலை விழுந்தது, பிறகு என் பூத்தும் விழுந்தது, அது கிடக்கட்டும்.

அப்போது எங்கள் வாடிக்கையாளர்கள் எந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் மலிவு என்று பார்த்துவிட்டுத்தான் போனைத் தொடுவார்கள். மிஸ்டு கால் என்பதே அப்படி வந்த பழக்கம்தான். தம்பிக்கும் அதையே சொல்கிறேன். இந்திய சிம்மை எடுத்துவிடாதே. இரண்டு சிம் போடும் போன்தானே? கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங்கை ஆன் செய்துவிட்டு, அந்த சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடு. பேக் வேண்டாம். பேங்க் ஓடிபி வந்துகொண்டிருக்கும், ரோமிங்கில் வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் காசில்லை. அம்மாவுக்கு ஏதாவது என்றால் அவர் உன் வழக்கமான நம்பருக்கே அடிப்பார், அவருக்கு அது உள்ளூர்க் கட்டணம்தான். நீ எடுக்காதே. எடுத்தால்தான் உனக்குச் செலவு. மணி அடித்து நின்றதும் துபாய் சிம்மிலிருந்து திருப்பி அடி.

ஒன்று மறக்காதே. 'எடுக்காவிட்டால் வேறு நம்பருக்குத் திருப்பு' என்ற வசதி உன் சிம்மில் இருந்தால், நீ எடுக்காத அழைப்பும் துபாய் வரை போய்த் திரும்பி வந்ததாகக் கணக்கில் ஏறலாம். கிளம்பும் முன் ##002# அடித்து எல்லாத் திருப்பலையும் ரத்து செய்துவிட்டுப் போ.

நாகலூரான்:
இது நல்லா இருக்கே ஐயா. ஆனால் துபாய் நம்பரிலிருந்து அடித்தால் அம்மா எடுக்க மாட்டார் என்று மலைப்பாதை சொல்கிறாரே?

பழைய பூத்:
சிம் வாங்கிய அன்றைக்கே மச்சானுக்கு நம்பரை அனுப்பு. அவர் போய் அம்மா போனில் உன் பெயரில் ஏற்றி வைக்கட்டும். +971 என்று தொடங்கும். அந்த நம்பருக்கு அம்மா ஒருபோதும் திருப்பி அடிக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லச் சொல். அடித்தால் வெளிநாட்டுக் கட்டணம், இருக்கிற பேலன்ஸ் ஓடிவிடும்.

மலைப்பாதை20:
மச்சான் மலையேற வேண்டும், இருபது கொண்டை ஊசி. ஒரு நம்பர் ஏற்ற வண்டிக்குப் போடும் பெட்ரோலையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா.

அஞ்சு ரோடு:
அதோடு லோக்கல் சிம்மில் வெளிநாட்டு நிமிடம் சும்மாவா தருகிறார்கள்?

கன்னங்குறிச்சி அக்கா:
சும்மா இல்லை, ஆனால் இந்தியாவுக்குப் பேசத் தனி நிமிடப் பேக் கேட்டு வாங்கலாம். பேக் போடாமல் வெறும் பேலன்ஸில் பேசினால்தான் கை சுடும். சிங்கப்பூரில் இன்னும் வசதி, சிம் கம்பெனிகளே வெளிநாட்டு அழைப்புக்கு மலிவு முன்எண் வைத்திருக்கின்றன. சிங்டெல்லில் 019. அதை முதலில் போட்டு, பிறகு 91, பிறகு அம்மா நம்பர். சிம் வாங்கப் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

மணியையும் பார்த்துக்கொள் தம்பி. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். அம்மா எட்டு மணிக்குப் படுப்பார் என்றால் துபாயில் மாலை ஆறரைக்குள் பேசிவிட வேண்டும். பயிற்சி முடிந்து அறைக்கு வந்த பிறகு பேசலாம் என்று இருந்தால் அவர் களத்து ஓரத்தில் இருட்டில் நிற்க வேண்டியிருக்கும்.

தட்டுவடை செட்:
வைஃபை காலிங்கை யாருமே சொல்லவில்லையே? சிங்கப்பூரில் அக்கா வீட்டு வைஃபையைப் பிடித்து, ஏர்பிளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்தால் இந்திய சிம்மிலிருந்தே அடிக்கலாம். அம்மா போனில் மகன் பெயரே வரும், அவருக்கு நெட் வேண்டாம், மச்சானும் மலையேற வேண்டாம்.

மலைப்பாதை20:
இதுதான் நல்ல யோசனை. ஸ்கைப்பை மன்னித்துவிட்டோம். ஆனால் வெளிநாட்டு வைஃபையிலிருந்து பேசுவதற்குச் சிம் கம்பெனி எப்படிக் கட்டணம் போடுகிறது என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். ஊர்க் கட்டணமா, ரோமிங் கட்டணமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. துபாய் ஓட்டல் வைஃபையில் அது ஓடும் என்று நம்பிப் போகவும் வேண்டாம்.

நாகலூரான்:
கஸ்டமர் கேரில் கேட்டேன். ஒருவர் ஊர்க் கட்டணம்தான் என்றார், மறுபடி அடித்தபோது இன்னொருவர் ரோமிங் கட்டணம் என்றார். அக்கா வீட்டுக்குப் போனதும் ஒரு நிமிடம் பேசிப் பேலன்ஸைப் பார்த்துவிடுகிறேன்.

துபாய்க்கு லோக்கல் சிம்மும் இந்தியா நிமிடப் பேக்கும், கூடவே பேக் இல்லாமல் இந்திய சிம். மச்சானிடமும் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை எப்படியும் அம்மாவுக்கு மளிகைச் சாமான் கொண்டு போகிறாராம்.

அஞ்சு ரோடு:
அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை மச்சான் போனில் பாட்டிமையும் போடச் சொல். நாகலூரில் நெட் வராவிட்டால் அம்மாவை வண்டியில் ஏற்றி ஏற்காடு டவுனுக்குக் கூட்டி வரட்டும். வாரத்துக்கு ஒரு தடவையாவது முகத்தைப் பார்.

கன்னங்குறிச்சி அக்கா:
அம்மாவுக்கு வண்டியில் உட்கார முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

நாகலூரான்:
உட்காருவார் அக்கா. பின்னாடி உட்கார்ந்து மச்சானை மெதுவா ஓட்டச் சொல்லித் திட்டிக்கொண்டே வருவார்.