பழைய வி8 பிக்கப்: ஆறியிருக்கும்போது டிக் டிக், சூடானபின் கீழிருந்து தட்டல்

கேள்வி
பெட்ரோல் வி8. புஷ்ராட், ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்தில் இயங்கி வால்வைத் திறக்க உதவும் பாகம்), டிஸ்ட்ரிபியூட்டர், ஆட்டோமேட்டிக் கியர். ஆறிக் கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் இடது பக்கம் டிக் டிக் என்று கேட்கிறது. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கூடுகிறது, சூடேறச் சூடேற அடங்கிவிடுகிறது. அதன்பின் வேறொரு சத்தம்: 2000 ஆர்.பி.எம். வரை ஏற்றிவிட்டுக் காலை எடுத்தால் அடியிலிருந்து கனமாகத் தட்டுகிறது. சூடான ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் முள் அடியிலேயே கிடக்கிறது. டிப்ஸ்டிக்கில் அளவு சரி. லிஃப்டர் மாற்றச் சொல்கிறார்கள். பிரிக்காமல் எதை முதலில் பார்க்கலாம்?

பதில் 1
லிஃப்டர் வாங்குவதை நிறுத்தி வையுங்கள். இவை இரண்டு தனித்தனிக் கோளாறு. மேலே கேட்கும் டிக் அவசரமில்லை. கீழே கேட்பது கனெக்டிங் ராட் (பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் தண்டு) பேரிங்காக இருக்கலாம். அளந்து பார்க்கும்வரை வண்டியை ஓட்டாதீர்கள்.

டாஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம், பழைய வண்டியில் சென்டரே (பிரஷரை உணர்ந்து முள்ளுக்கு அனுப்பும் சென்சார்) பொய் சொல்லும். சென்டரைக் கழற்றி அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, நின்ற இடத்திலேயே நன்றாகச் சூடேற்றிப் பாருங்கள். இந்த வகை வி8க்குப் பொதுவான கணக்கு, 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. சூடான ஐட்லிங்கில் 6, 7 இருந்தால் பதற வேண்டாம். 2000த்தில் 20ஐத் தொடவில்லை என்றால் பேரிங்கோ ஆயில் பம்போ தேய்ந்திருக்கலாம். கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தை மூடி மறைக்காதீர்கள். தேய்மானம் உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்து, சத்தம் வரும் வேகத்தில் ஒவ்வொரு சிலிண்டரின் தீப்பொறியையும் சில விநாடிகளுக்கு மட்டும் நிறுத்துங்கள். பிளக் வயரை இன்சுலேட்டட் பிளையரால் எடுத்து பாடியில் எர்த் செய்யுங்கள்; காற்றில் தொங்கவிட்டால் இக்னிஷன் மாட்யூல் போய்விடும். ஒரு குறிப்பிட்ட சிலிண்டரை நிறுத்தும்போது தட்டல் பெரிதும் குறைந்தால் அந்த ராட்தான். நீண்ட நேரம் நிறுத்தி வைக்காதீர்கள், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

பதில் 2
மேல் சத்தத்துக்கு என் கணிப்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் இரும்புக் குழாய்) லீக். ஆறியிருக்கும்போது இடைவெளி திறந்திருக்கும், இரும்பு சூடாகி விரிந்ததும் மூடிக்கொள்ளும். லிஃப்டர் இரவில் ஆயில் இறங்கிச் சத்தம் போட்டால், பிரஷர் ஏறியதும் பெரும்பாலும் சில விநாடிகளில் நின்றுவிடும். இன்ஜின் சூடேறும்வரை இழுத்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டருக்குக் கூடவும் செய்தால் லீக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடைசி சிலிண்டர் பக்கம் இருக்கும் போல்ட்களை டார்ச் அடித்துப் பாருங்கள். தலை முறிந்து விழுந்திருப்பது அந்த இடத்தில் சகஜம். கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு இருந்தால் அதுவே சாட்சி. உறுதிப்படுத்த, ஆறிய இன்ஜினை அணைத்து வைத்து, வாக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் பக்கத்தைச் சைலன்சர் குழாயில் பொருத்தி ஊதவிட்டு, மேனிஃபோல்டு இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை கிளம்பும் இடம்தான் லீக்.

முறிந்த போல்ட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்பி எடுக்கலாம். துளையிடுவது கடைசி வழி. மேனிஃபோல்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று நேரான உலோக அளவுகோல் வைத்துப் பார்க்காமல் புதுக் கேஸ்கெட் போடாதீர்கள், அதே போல்ட் மறுபடி முறியும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. மெக்கானிக்கல் கேஜில் சூடாக ஐட்லிங்கில் 12, 2000த்தில் 30 காட்டுகிறது. எந்த சிலிண்டரை நிறுத்தினாலும் தட்டல் அப்படியே இருக்கிறது. கியரை நியூட்ரலிலிருந்து டிரைவுக்குப் போட்டால் சத்தம் மாறுகிறது.

பதில் 3
அப்படியானால் சென்டரை மாற்றுங்கள், பிரஷர் நன்றாகவே இருக்கிறது. தட்டலுக்கு ஃப்ளெக்ஸ் பிளேட்டைச் சந்தேகப்படுங்கள்; இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டையும் கியர்பாக்ஸின் டார்க் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தட்டு அது. அது விரிசல் விட்டால் ராட் பேரிங் சத்தம் போலவே கேட்கும். நல்ல இன்ஜினையே இதனால் பிரித்துவிடுகிறார்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கியர்பாக்ஸ் முன்பக்கத்து அடி மூடியை எடுங்கள். முதலில் டார்க் கன்வெர்ட்டர் போல்ட் ஒவ்வொன்றும் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். இளகிய போல்ட்டும் இதே சத்தம் தரும். பிறகு பிளேட்டைக் கிராங்க்கோடு பிணைக்கும் போல்ட்களைச் சுற்றியுள்ள வட்டத்தில் மயிரிழை விரிசல் தேடுங்கள். கிராங்க்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி முழுச் சுற்றும் பார்க்க வேண்டும், விரிசல் மேல்பக்கம் ஒளிந்திருக்கும்.

பதில் 1
சரியான திசை. பிளேட்டில் ஒன்றும் இல்லை என்றால், பெல்ட் சுழற்றும் பாகங்களிலிருந்து சத்தம் வருகிறதா என்று அறிய, பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடத்துக்குள் ஓட்டிக் கேளுங்கள். வாட்டர் பம்ப் நிற்கும், அதற்குமேல் ஓட்டக்கூடாது. அதிலும் போகாவிட்டால் ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ, காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்பு (பேரிங் தேய்ந்த துகள்) இருந்தால் மட்டும் சம்ப்பை, அதாவது இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியை, கழற்றுங்கள்.