யாழ்ப்பாணத்தில் ஓட்டோக்காரர்கள் விடாமல் கூப்பிடும்போது எப்படி மறுப்பது?

காவிரிக்கரை:
சென்னையிலிருந்து பலாலிக்கு விமானத்தில் வந்து அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்தில் தங்கியிருக்கிறோம். ஊர் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் மத்திய பஸ் நிலையத்தைத் தாண்டுவதற்குள் “அக்கா, நல்லூரோ? கீரிமலையோ? நயினாதீவோ?” என்று ஒருவர் கேட்டு முடிக்குமுன் இன்னொரு ஆட்டோக்காரர் வந்துவிடுகிறார். நேற்று நூலகத்திலிருந்து கோட்டைக்கு நடந்தபோது ஒரு ஆட்டோ எங்கள் நடைக்கு ஏற்ற வேகத்தில் பின்னாலேயே உருண்டு வந்தது. அம்மா முட்டிவலியில் மெதுவாக நடப்பதைப் பார்த்துவிட்டு “அம்மாவை வெயிலுக்க நடத்தாதேங்கோ அக்கா” என்றார், அம்மாவுக்கு ஒரே சங்கடம். “பிறகு பார்க்கலாம் அண்ணா” என்று சொல்லி அனுப்பினேன், கோட்டையைச் சுற்றிவிட்டு வெளியே வந்தால் அதே ஆள் வாசலில் காத்திருக்கிறார். யாரையும் நோகடிக்க விருப்பமில்லை, தினமும் இப்படி மல்லுக்கட்டவும் முடியாது. அப்புறம், நாளை நயினாதீவு போகலாம் என்றிருக்கிறோம். அங்கே போகப் படகு ஏறும் குறிகட்டுவானுக்கு பஸ்ஸே இல்லை என்று ஒருவர் சொன்னார், உண்மையா?

வண்ணார்பண்ணை:
பஸ் இருக்கிறது. 776, யாழ்ப்பாணத்திலிருந்து புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் போகும். “பஸ் போட்டுது, அடுத்தது பின்னேரம்தான்” என்று வெளியில் நிற்பவர் சொன்னால் அதை நம்பித் திரும்பாமல், உள்ளே போய் ரைம்கீப்பரிடமோ நடத்துனரிடமோ கேளுங்கள். அங்கிருந்து படகு. நாகபூசணி அம்மன் கோயில் இறங்குதுறைக்குப் பக்கத்தில்தான், அம்மாவுக்கு அதிக நடை இருக்காது.

மறுப்பதற்கு ஒரு தரம் முகம் பார்த்து “வேண்டாம் அண்ணை, நடந்துதான் போறம்” என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடவுங்கள். எங்கே தங்கியிருக்கிறீர்கள், நாளைக்கு என்ன திட்டம் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் பேச்சு முடியாது. கோட்டை, நூலகம், பஸ் நிலையம் எல்லாம் கிட்டக்கிட்டத்தான், அந்தப் பகுதிக்கு வண்டியே தேவையில்லை.

கொக்குவில் ஓட்டோ:
நான் ஓட்டோ ஓடுகிறவன், அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பலருக்கு மாதாமாதம் வண்டிக்கு லீசிங் தவணை கட்ட வேண்டும், பெற்றோல் விலை உங்களுக்குத் தெரியும். ரவுணுக்குள் ஓடுகிற சின்ன ஹயரில் (சவாரியில்) மிஞ்சுவது கொஞ்சம், கீரிமலை அல்லது குறிகட்டுவான் போய்வர ஒரு ஹயர் கிடைத்தால் அன்றைய பாடு பார்த்துவிடலாம். வெளியூர் முகத்தைக் கண்டவுடன் தூர இடங்களாகக் கேட்பது அதனால்தான். ஆனாலும் தங்கச்சி, வேண்டாம் என்றவர்களுக்குப் பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு வருவது பிழை. அதற்கு நியாயம் சொல்ல நான் வரவில்லை. அதேபோல “பிறகு” என்று சொன்னால் அந்த ஆள் வேறு ஹயரை விட்டுவிட்டும் காத்திருப்பான், எடுக்கிற எண்ணம் இல்லாவிட்டால் அப்படிச் சொல்லாதீர்கள்.

ஏறுவதானால் காசை ஏறுமுன் பேசுங்கள். போக மட்டுமா, போய்வரவா? ஆளுக்கா, வண்டிக்கா? நிற்கிற நேரத்துக்குத் தனிக்காசு உண்டா? சண்டை வருவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்வியில்தான், கோயிலில் பூசை நீண்டுவிடும், வெளியே நிற்பவனுக்குக் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும். மீட்டர் பூட்டிய வண்டியென்றால் ஏறும்போதே போடச் சொல்லலாம். சில்லறையும் கையில் வைத்திருங்கள்.

மீன்பாடும் தேனாடு:
நான் மட்டக்களப்பு, வேலைக்காக அடிக்கடி யாழ்ப்பாணம் வந்து போகிறேன், பெரும்பாலும் தனியாக. தங்குமிடத்துக்காரரிடம் நியாயமான கூலி எவ்வளவு என்று முதலே கேட்டுவிடுவேன், வாடகை வண்டி பிடிக்கும் பிக்மி செயலியில் காட்டும் தொகையையும் பார்த்துக்கொள்வேன். தொகை தெரிந்து பேசினால் பேச்சு சட்டென்று முடிந்துவிடும். ரயிலால் இறங்கும்போது யாராவது உதவி என்று பையைத் தூக்கினால் உடனே திருப்பி வாங்குங்கள், பை வண்டிக்குள் போனபிறகு கூலி பேசுவது கஷ்டம். ஏறுமுன் இலக்கத் தகட்டைப் படம் எடுத்து வீட்டாருக்கு அனுப்புங்கள், அவர் பார்க்கும்படியே எடுக்கலாம், நல்லவர்கள் கோபிப்பதில்லை. மறுத்த பிறகும் ஒருவர் தொடர்ந்து வந்தால் பக்கத்துக் கடைக்குள் ஏறி நில்லுங்கள், யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்து கேட்பார்கள். மிரட்டினால் 119 பொலிஸ், சுற்றுலாத்துறைக்கு 1912.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. 776இல் போய்வந்தோம், அம்மாவுக்கு ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். பஸ் நிலையத்தில் வண்ணார்பண்ணை சொன்னபடி ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு நடந்தேன், இரண்டு பேர் சரி என்று தலையாட்டிவிட்டு விலகிவிட்டார்கள், ஒருவர் மட்டும் கொஞ்ச தூரம் வந்தார். கீரிமலைக்கு ஆட்டோதான் எடுக்கப் போகிறோம். கொக்குவில் அண்ணா, மாவிட்டபுரமும் சேர்த்தால் எவ்வளவு நேரம் பேசிக்கொள்ள வேண்டும்?

கொக்குவில் ஓட்டோ:
அரை நாள் என்று பேசுங்கள். மாவிட்டபுரம் போகிற வழியில்தான், மத்தியானம் கோயில் பூட்டமுதல் அதை முடித்துவிடுங்கள். கீரிமலையில் கேணியும் நகுலேஸ்வரம் கோயிலும் கிட்டத்தான். பெண்களுக்குத் தனிக் கேணி இருக்கிறது, அம்மா குளிப்பதென்றால் மாற்றுடுப்பு எடுத்துப் போங்கள், அந்த நேரத்தையும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள்.