மைதா இல்லாத சாக்லேட் ஹேசல்நட் கேக்: நடுவில் குழி, அடியில் எண்ணெய். எங்கே தப்பு?

ஓடிஜி_புதுசு:
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள். போன வருடம் அவளுக்கு சீலியாக் (கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய்) என்று கண்டுபிடித்ததிலிருந்து கோதுமை, மைதா, ரவை எதுவும் கூடாது. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் கேக் வெட்டும் நேரத்தில் அவள் மட்டும் தள்ளி நிற்கிறாள். பார்க்கப் பொறுக்காமல் இந்தத் தடவை அத்தை செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். நேற்று ஒத்திகையாக ஒன்று செய்தேன், சொதப்பல்.

அளவு: டார்க் காம்பவுண்டு சாக்லேட் 200 கிராம், வெண்ணெய் 150, சர்க்கரை 150, ஹேசல்நட் 200, முட்டை 5, உப்பு ஒரு சிட்டிகை. 8 இஞ்ச் டின். ஹேசல்நட்டை வறுத்து, துண்டில் போட்டுத் தேய்த்துத் தோலை எடுத்து, சூடு ஆறுவதற்குள் மிக்ஸியில் நைசாக அரைத்தேன். ஜார் ஓரத்தில் சட்னி மாதிரி ஒட்டிக்கொண்டது, வழித்து வழித்துப் போட்டேன். சாக்லேட்டும் வெண்ணெயும் உருக்கி, மஞ்சள்கருவும் சர்க்கரையும் அடித்துச் சேர்த்து, வெள்ளைக்கருவைத் தனியாக நல்ல கெட்டியாக அடித்து, வெள்ளைக் கட்டி ஒன்றுகூடத் தெரியாதபடி கலக்கினேன். டின்னில் வெண்ணெய் தடவி மைதா தூவி, 180 டிகிரியில் 35 நிமிடம். டூத்பிக் ஈரமாக வந்தது, அதனால் இன்னொரு 15 நிமிடம்.

ஓடிஜி (மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார அவன்) உள்ளே டின்னுக்கு மேலே எழும்பி அவ்வளவு அழகாக இருந்தது. வெளியே எடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, நடுப்பகுதி பொதக்கென்று உள்ளே போய்விட்டது. வெட்டினால் ஓரம் பிஸ்கட், நடுவில் களி, அடியில் அல்வா மாதிரி ஓர் அடுக்கு, தட்டெல்லாம் எண்ணெய். பேக்கிங் பவுடர் போடாததுதான் காரணமா?

வெல்லக்கட்டி:
மற்றதெல்லாம் அப்புறம். "மைதா தூவி" என்று எழுதியிருக்கிறீர்களே, யாருக்கு இந்தக் கேக்?

ஓடிஜி_புதுசு:
ஐயோ. கைப்பழக்கம். கேட்டிருக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் தூவியிருப்பேன்.

வெல்லக்கட்டி:
என் தங்கைக்கும் இதே பிரச்சினை, அதனால்தான் கண்ணில் பட்டது. டின்னுக்குக் கொக்கோ பவுடர் தூவுங்கள், அடியில் பட்டர் பேப்பர் போடுங்கள். மைதா சலித்த சல்லடை, பழைய மரக்கரண்டி இரண்டும் வேண்டாம். மிக்ஸி ஜாரையும் யோசியுங்கள். அதே ஜாரில் சாம்பார் பொடி அரைப்பீர்கள் அல்லவா? கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சாக்லேட் கவரையும் கடைசி வரி வரை படிக்க வேண்டும். நம் ஊர் விதிப்படி குளூட்டன் இல்லாதது என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. "கோதுமை இருக்கலாம்" என்று போட்ட பாக்கெட்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சமையல்_சண்டியர்:
ரெண்டு ஸ்பூன் சோள மாவும் ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடரும் போடுங்க, கும்முனு நிக்கும்.

மிக்ஸி_மாமி:
சண்டியர் தம்பி, பேக்கிங் பவுடர் போட்டால் இன்னும் வேகமாக எழும்பி இன்னும் ஆழமாக விழும். பிடித்து நிறுத்த உள்ளே ஆள் வேண்டாமா? மைதா கேக்கில் வெந்த மாவு சுவர் மாதிரி நின்று தாங்கிக்கொள்ளும். இதில் தாங்குவதற்கு முட்டையை விட்டால் யாரும் இல்லை. வெள்ளைக்கருவில் அடைத்த காற்று சூட்டில் விரிகிறது, ஆறினால் சுருங்குகிறது, அவ்வளவுதான். ஆகவே குழி விழுவது இந்தக் கேக்கின் பிறவிக் குணம், அரை இஞ்ச் இறங்கினால் தப்பே இல்லை. உங்களுடையது அதற்கும் மேலே போய்விட்டது, அதற்கு மூன்று காரணம் தெரிகிறது.

முதலாவது அந்தச் சட்னி. ஹேசல்நட்டின் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய். சூட்டோடு மிக்ஸியில் போட்டு நிறுத்தாமல் ஓட்டினால் எண்ணெய் வெளியே வந்து நட் பட்டர் ஆகிவிடும், நீங்கள் தட்டில் பார்த்தது அதைத்தான். வறுத்து முழுசாக ஆற விடுங்கள், நான் ஒரு மணி நேரம் விடுவேன். எடுத்து வைத்த சர்க்கரையிலிருந்தே இரண்டு ஸ்பூன் சேர்த்து, ஈரமில்லாத சின்ன ஜாரில் விட்டு விட்டு, பல்ஸில் இரண்டிரண்டு நொடி. ரவையை விடக் கொஞ்சம் நைசாக வந்தால் போதும். கையில் எடுத்துப் பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். அங்கங்கே குருணை இருந்தால் இருக்கட்டும், கடிபடும்போது நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வெள்ளைக்கரு. "நல்ல கெட்டியாக" என்று எழுதியபோதே நினைத்தேன். பீட்டரைத் தூக்கினால் நுனி கிளிமூக்கு மாதிரி வளைந்து நிற்க வேண்டும், அங்கே நிறுத்திவிடுங்கள். அதைத் தாண்டினால் பஞ்சுப் பிசிறாகப் பிரிந்து, சாக்லேட்டோடு சேராமல் கட்டி கட்டியாக மிதக்கும். அந்தக் கட்டியைக் கரைக்கப் போய்த்தான் நீங்கள் காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டீர்கள், அடியில் அல்வா படிந்தது அதனால்தான். முதலில் மூன்றில் ஒரு பங்கு நுரையைப் போட்டுத் தயங்காமல் கலந்து சாக்லேட்டை இளக்குங்கள். மீதியை இரண்டு தடவையாக, அடியிலிருந்து அள்ளி மேலே மடித்துப் போடுங்கள். ஒன்றிரண்டு வெள்ளைக் கோடு தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். சாக்லேட் கைபொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். கொதித்தால் முட்டை வெந்துவிடும், ஆறிவிட்டால் இறுகிக்கொண்டு மடங்காது.

மூன்றாவது காம்பவுண்டு. அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. சுட்டால் விஷமில்லை, ஆனால் நாக்கில் மெழுகு மாதிரி நிற்கும். பிறந்தநாள் கேக்குக்கு 55 சதவீதத்துக்கு மேல் கொக்கோ உள்ள நிஜ சாக்லேட் வாங்குங்கள்.

சூரிச்_அடுப்படி:
மாமி சொன்னது முழுக்கச் சரி. நான் சூடுபற்றி மட்டும் சொல்கிறேன் தங்கச்சி. 180 இதற்குக் கூட. ஓரம் வெந்து காய்ந்த பிறகும் நடு பச்சையாக நிற்கும். 160இல் 40 நிமிடம் அளவில் வையுங்கோ. சின்ன ஓடிஜியில் திருகியில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருக்காது, உள்ளே கொளுவும் தெர்மோமீட்டர் ஒன்று வாங்கினால் காசு வீண்போகாது. டூத்பிக்கை இந்தக் கேக்குக்கு மறந்துவிடுங்கோ, உருகிய சாக்லேட் ஒட்டத்தான் செய்யும். டின்னை மெல்லத் தட்டிப் பாருங்கோ. சுற்றிவர அசையாமல் நடுவில் உள்ளங்கையளவு மட்டும் கட்டித்தயிர் போல ஆடினால் வெந்துவிட்டது. அடுப்பை நிறுத்தி, கதவைக் கொஞ்சம் திறந்து, பதினைந்து நிமிடம் உள்ளேயே விடுங்கோ. அப்புறம் வெளியே எடுத்து டின்னோடு ஆறுதலாக ஆற விட்டு, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில். அடுத்த நாள்தான் உண்மையான ருசி.

இங்கே ஹேசல்நட் தூளாகவே பாக்கெட்டில் விற்கும், நத்தார் (கிறிஸ்துமஸ்) நேரம் அள்ளிக்கொண்டு போவார்கள். நான் வந்த புதிதில் அதைப் பார்த்து ஏதோ மாட்டுத் தீவனம் என்று நினைத்தேன்.

ஓடிஜி_புதுசு:
இப்போதுதான் எல்லாம் புரிகிறது. ஒரு கேள்வி. ஹேசல்நட் விலை முந்திரியையே தூக்கிச் சாப்பிடுகிறது. பாதாம் போட்டால் கெட்டுப்போகுமா?

மிக்ஸி_மாமி:
கெடாது. இத்தாலியில் காப்ரி தீவுக் கேக்கே பாதாமும் சாக்லேட்டும் போட்டு மாவில்லாமல் செய்வதுதான். ஹேசல்நட்டும் சாக்லேட்டும் சேர்ந்தது வடக்கே டூரின் பக்கத்துச் சங்கதி. நெப்போலியன் காலத்தில் கொக்கோ வரத்து குறைந்து, கைக்கு எட்டிய ஹேசல்நட்டை அரைத்துக் கலந்து ஒப்பேற்றினார்கள் என்று கதை சொல்வார்கள். இன்றைக்கு நமக்கு அந்த ஹேசல்நட்தான் எட்டவில்லை! பாதிக்குப் பாதி போடுங்கள், வாசனைக்கு 100 கிராம் ஹேசல்நட் போதும். அதைக் கருகாமல் பொன்னிறமாக வறுத்தால் வீடே மணக்கும்.

ஓடிஜி_புதுசு:
சனிக்கிழமை இரவு. இரண்டாவது கேக் முடிந்தது. கடையில் இரண்டு சாக்லேட் கவரில் "கோதுமை இருக்கலாம்" என்று இருந்தது, மூன்றாவதில் இல்லை. ஜாருக்கு அண்ணியிடம் கேட்டேன், மகளுக்கென்று தனியாக வைத்திருப்பதைக் கொடுத்தனுப்பினார், கூடவே சல்லடையும். கிளிமூக்கு வந்ததும் பீட்டரை நிறுத்திவிட்டேன், இன்னும் கொஞ்சம் அடி என்று கை பரபரத்தது உண்மை. அரை இஞ்ச் இறங்கியிருக்கிறது, ஓரத்தில் ஒரு விரிசல். தட்டில் சொட்டு எண்ணெய் இல்லை. குழியை எதைப் போட்டு மறைக்க?

சூரிச்_அடுப்படி:
ஏன் மறைக்க? அடித்த கிரீமை நிரப்பி, மேலே வறுத்த ஹேசல்நட்டை உடைத்துத் தூவுங்கோ. கத்தியைச் சுடுதண்ணியில் முக்கித் துடைத்து வெட்டினால் துண்டு பிசகாது.

வெல்லக்கட்டி:
முதல் கேக் என்ன ஆச்சு? மைதா தூவியது.

ஓடிஜி_புதுசு:
அது பிரிட்ஜில் இருக்கிறது. வீட்டுக்காரர் போகும்போதும் வரும்போதும் ஸ்பூன் போட்டு நடுக்களியைச் சுரண்டித் தின்கிறார், இதுதான் நன்றாக இருக்கிறதாம்.

வெல்லக்கட்டி:
நாளைக்கு அந்த ஸ்பூனோடு அவரைப் புதுக் கேக் பக்கம் விட்டுவிடாதீர்கள்.